நாலு மூலையும் ஒரே எடை காட்ட வேண்டும்: மேடைத் தராசைப் புதிதாகக் கையாள்பவர்களுக்கு

ஒரு தராசு சரியாக இருக்கிறதா என்று பார்க்கச் சொன்னால், புதிதாக வருபவர்கள் எல்லோரும் ஒரே காரியத்தைத்தான் செய்வார்கள். 20 கிலோ எடைக்கல்லைத் தூக்கி மேடையின் நடுவில் வைப்பார்கள். 20 காட்டினால், கையில் ஒட்டிய தூசியைத் தட்டிவிட்டுப் போய்விடுவார்கள். நானும் முதல் ஆறு மாதம் அப்படித்தான் செய்தேன். பிறகு ஒரு வெங்காய மண்டியில் பாடம் கிடைத்தது. நடுவில் கச்சிதமாக இருந்த தராசு, வலது பின்மூலையில் மூட்டையை வைத்தால் 60 கிலோவுக்கு 200 கிராம் கூடுதலாகக் காட்டியது. எந்த மூலையில் இறக்கினால் எடை கூடும் என்பது மூட்டை தூக்குகிறவருக்குத் தெரிந்திருந்தது. எனக்குத்தான் தெரியவில்லை.

மேடைத் தராசு என்றால் பொருளை எங்கே வைத்தாலும் ஒரே எடை காட்ட வேண்டும். கைத்தராசில் இந்தச் சிக்கல் இல்லை. தட்டு கயிற்றில் தொங்குவதால் சுமை தானாகவே கயிற்றுக்கு நேர் கீழே வந்துவிடும். தட்டைக் கீழிருந்து தாங்கத் தொடங்கியதும் சுமை எந்தக் காலில் எவ்வளவு விழுகிறது என்ற கேள்வி வந்துவிடுகிறது. மேடைத் தராசின் வடிவமைப்பு முழுக்க அந்தக் கேள்விக்கான பதில்தான்.

முதலில் மேடையைத் தூக்கிப் பாருங்கள்

பழைய இரும்புக் கடையிலோ அரிசி மண்டியிலோ இன்னும் நிற்கும் நெம்புகோல் தராசு ஒன்றைத் தேடிப் பிடியுங்கள். எலக்ட்ரானிக் தராசில் எல்லாம் ஒரு உலோகக் கட்டைக்குள் ஒளிந்திருக்கும். இதில் கண்ணால் பார்க்கலாம். கடைக்காரரிடம் கேட்டுக்கொண்டு மேல்தகட்டை எடுத்தால், அடியில் இரண்டு நெம்புகோல்கள் தெரியும். ஒன்று நீளமானது, ஒன்று குட்டை. இரண்டுமே பெரும்பாலும் கவட்டை வடிவில் இருக்கும். ஒவ்வொரு கவட்டையிலும் இரண்டு கிளைகள், கிளைக்கு ஒரு கத்திமுனை, அதாவது கத்தி மாதிரிக் கூரான முனை. மேடையின் நான்கு மூலைகளும் இந்த நான்கு முனைகள் மேல்தான் உட்கார்ந்திருக்கின்றன.

நீள நெம்புகோலின் நுனி ஒரு தொங்கு கம்பி வழியாக, மேலே குண்டு வைத்து எடை பார்க்கும் அளவுத்தண்டை இழுக்கும். குட்டை நெம்புகோல் அளவுத்தண்டுக்கு நேராகப் போகாது. அதன் நுனி நீள நெம்புகோலின் நடுவழியில் அழுத்தும். கணக்கு இங்கேதான். கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். இது பிடிபட்டால் மற்றதெல்லாம் தானாக வரும்.

எளிதான எண்களாக எடுத்துக்கொள்வோம். நீள நெம்புகோல் ஊன்றி ஆடும் தாங்குமுனையிலிருந்து, மேடையின் சுமை விழும் சுமைமுனை 100 மில்லிமீட்டரில் இருக்கிறது. நுனி 800 மில்லிமீட்டரில். அப்படியானால் அந்தப் பக்கம் வைத்த 60 கிலோ, நுனியில் எட்டில் ஒரு பங்காக, 7.5 கிலோவாக இழுக்கும். குட்டை நெம்புகோலில் சுமைமுனை 100 மி.மீ., நுனி 400 மி.மீ. அங்கே வைத்த 60 கிலோ நுனியில் 15 கிலோ ஆகும். அந்த 15 கிலோ நீள நெம்புகோலில் 400 மி.மீ. இடத்தில், அதாவது சரியாகப் பாதி வழியில் அழுத்துகிறது. 800இல் இருக்கும் நுனிக்கு அது 7.5 கிலோவாகத்தான் போய்ச் சேரும். எந்தப் பக்கம் வைத்தாலும் ஏழரைதான்.

மூட்டை இரண்டு பக்கமும் பகிர்ந்து உட்கார்ந்தாலும் ஒவ்வொரு பங்கும் எட்டால்தான் வகுபடும். கூட்டினால் அதே விடை. மேலே அளவுத்தண்டில் ஒருபக்கம் 40 மி.மீ., மறுபக்கம் 500 மி.மீ. வைத்தால் இன்னும் பன்னிரண்டரை மடங்கு குறையும். மொத்தம் நூற்றுக்கு ஒன்று. 100 கிலோ மூட்டையை 1 கிலோ குண்டு சமன் செய்துவிடும்.

இந்தச் சேர்ந்தியங்கும் நெம்புகோல் யோசனைக்கு வயது அதிகம். இங்கிலாந்தில் ஜான் வயட் 1740களிலேயே வண்டியை அப்படியே நிறுத்தி எடை போட இதைப் பயன்படுத்தினார். ஸ்ட்ராஸ்பூர்க் நகரில் 1820களின் தொடக்கத்தில் குவின்டென்ஸ் என்ற துறவி, பத்துக்கு ஒன்றாகச் சமன் செய்யும் தராசைக் கொடுத்தார். அமெரிக்காவின் வெர்மான்ட்டில் தாடியஸ் ஃபேர்பேங்க்ஸ் 1831இல் மேடைத் தராசுக்குக் காப்புரிமை வாங்கினார். அவருடைய தொல்லை சணல் வியாபாரத்தில் தொடங்கியது. வண்டி வண்டியாக வரும் சணலை நிறுக்க வழியில்லை. மண்டிக்காரர்களுக்கு இது புரியும்.

0.1 மில்லிமீட்டர் என்ன செய்யும்

மேலே சொன்ன 100 மி.மீ. ஒரு மூலையில் மட்டும் 100.1 ஆகிவிட்டது என்று வையுங்கள். ஆயிரத்தில் ஒரு பங்கு பிழை. அந்த மூலையில் வைத்த 60 கிலோ 60 கிராம் கூடுதலாகக் காட்டும். 100 கிலோ வைத்தால் 100 கிராம். 0.1 மி.மீ. என்பது ஒரு மெல்லிய தாளின் கனம்! தராசு செய்பவர் வார்ப்பிரும்பின் அழகைப் பற்றிக் கவலைப்படுவதில்லை. கவட்டையின் இரண்டு கிளைகளிலும் சுமைமுனைகள் ஒரே தூரத்தில் இருக்கின்றனவா, தாங்குமுனைக் கோடும் சுமைமுனைக் கோடும் இணையாக ஓடுகின்றனவா என்பதுதான் அவர் உயிரை எடுக்கும் விஷயம்.

தூரத்தைத் துல்லியமாக வைக்கக் கூர்மை வேண்டும். அதனால்தான் கத்திமுனை. கெட்டிப்படுத்திய எஃகில் ஆப்பு மாதிரித் தீட்டிய முனை, அதைவிடக் கெட்டியான எஃகுத் தாங்கியில், சிலவற்றில் அகேட் என்ற கடினமான கல்லில், உட்காரும். பால் பேரிங் ஏன் போடவில்லை என்று எல்லோரும் ஒருமுறை கேட்பார்கள். பேரிங்கில் குண்டுகள் உருள்கின்றன, உராய்வு கொஞ்சம் இருக்கிறது, சுமை தொடும் இடம் நிலையாக இல்லை. கத்திமுனையில் தொடுவது ஒரே கோடு. அது தேய்ந்து உருண்டையானால், நெம்புகோல் ஆடும்போது தொடும் கோடும் கூடவே நகரும். தராசு மந்தமாகிவிடும், ஒரு தடவை ஒரு எடை, அடுத்த தடவை வேறு எடை.

அளவுத்தண்டில் இன்னொரு நுணுக்கம் இருக்கிறது. அதன் கத்திமுனைகள் ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும். இரண்டு ஓர முனைகளையும் இணைக்கும் கோடு, நடுமுனைக்குக் கீழே இறங்கியிருந்தால், சுமை கூடக்கூடத் தண்டு சோம்பேறியாகும். மேலே ஏறியிருந்தால் சுமை கூடியதும் தண்டு நிலையிழந்து, ஒரேயடியாக ஒரு பக்கம் சாய்ந்து அங்கேயே நிற்கும். வெறும் மேடையில் அழகாக ஆடிவிட்டு, 200 கிலோ ஏற்றியதும் "டக்" என்று விழுகிற தண்டைப் பார்த்தால் இதைச் சந்தேகப்படுங்கள். நிறைய எடை தூக்கித் தூக்கி வளைந்த தண்டிலோ ஓர முனைகள் கீழே இறங்கிவிடும், அதில் சோம்பல்தான் வரும்.

அப்புறம், கத்திமுனைக்கு எண்ணெய் போடாதீர்கள். கிறீஸ் கூடவே கூடாது. "இரும்பு, துரு பிடிக்குமே" என்று நல்ல எண்ணத்தில்தான் போடுவார்கள். மண்டித் தூசியும் தவிட்டு மாவும் அதில் ஒட்டி மெழுகு மாதிரி ஆகும். கத்தி அந்த மெழுகில் உட்காரும். உலர்ந்த தூரிகையால் தட்டிவிட்டு, உலர்ந்த துணியால் துடைத்தால் போதும்.

எலக்ட்ரானிக் தராசிலும் அதே கதைதான்

இப்போது கடையில் வாங்கப் போவது பெரும்பாலும் லோடு செல் வைத்த தராசு. லோடு செல் என்பது சுமை வந்தால் கண்ணுக்குத் தெரியாத அளவு வளையும் உலோகக் கட்டை. அதன்மேல் ஒட்டிய மெல்லிய உலோகப் படலம் கட்டையோடு சேர்ந்து நீளும், சுருங்கும். அதன் மின்தடை மாறும். இதற்கு முன்னோடி, படலத்துக்குப் பதில் மெல்லிய கம்பியை ஒட்டும் முறை; அதை 1938 வாக்கில் அமெரிக்காவில் எட்வர்ட் சிம்மன்ஸ், ஆர்தர் ரூஜ் இருவரும் தனித்தனியாகக் கண்டுபிடித்தார்கள். நான்கு படலங்களை ஒரு சமன்சுற்றாக இணைத்தால் சுமைக்கு ஏற்ற மின்னழுத்தம் கிடைக்கும்.

எவ்வளவு என்று கேட்டால் சிரிப்பு வரும். வோல்ட்டுக்கு 2 மில்லிவோல்ட் தரும் செல்லுக்கு 5 வோல்ட் கொடுத்தால், முழுச் சுமைக்கு 10 மில்லிவோல்ட். 300 கிலோவை 50 கிராம் 50 கிராமாகக் காட்ட அதை 6,000 துண்டாக வெட்ட வேண்டும். ஒரு துண்டுக்கு இரண்டு மைக்ரோவோல்ட் கூட இல்லை. ஒயர் இணைப்பில் கொஞ்சம் ஈரம், ஒரு பற்றவைப்பு லூஸ், எலி கடித்த கேபிள், எதுவும் இந்தச் சிறு அழுத்தத்தைக் குழப்பிவிடும். மீன் ஏலக் கூடத்தில் தராசு மழைக்காலத்தில் மட்டும் ஏன் எண்களை ஓடவிடுகிறது என்றால் முதலில் ஒயர்ப் பெட்டியைத் திறந்து பாருங்கள்.

சிறிய மேடைகளில் நடுவில் ஒரே செல் இருக்கும். அது எப்படி மூலைச் சுமையைச் சமாளிக்கிறது? கட்டையின் நடுவில் துளை போட்டு, மேலும் கீழும் இரண்டு இணையான மெல்லிய பட்டைகளாக விட்டிருப்பார்கள். ஒரு இணைகரம். மேடை சாயாமல் நேராக இறங்கும். சுமை எங்கே இருந்தாலும் இறக்கம் ஒன்றுதான். பிரான்சில் ரோபர்வால் 1669இல் காட்டிய இணைகரத் தராசும் இதே தந்திரம்தான். தொழிற்சாலையில் இந்தச் செல்லின் பட்டைகளை அரத்தால் லேசாக ராவித்தான் மூலைப் பிழையைச் சரிசெய்கிறார்கள். கம்ப்யூட்டர் காலத்திலும் அரம்!

பெரிய மேடையில் மூலைக்கு ஒன்றாக நான்கு செல் இருக்கும். நான்கின் ஒயர்களும் ஜங்ஷன் பாக்ஸ் என்ற ஒயர்ப் பெட்டிக்கு வரும். அங்கே செல்லுக்கு ஒரு திருகு. அதிகமாகக் காட்டும் செல்லின் குரலை அந்தத் திருகு அடக்கும். குறைவாகக் காட்டும் செல்லை ஏற்றிவிட அதனால் முடியாது. ஆகவே மிகக் குறைவாகக் காட்டும் மூலையைக் கண்டுபிடித்து, மற்ற மூன்றையும் அதன் அளவுக்கு இறக்க வேண்டும். பிறகு மொத்த அளவைத் திரும்ப ஒருமுறை எடைக்கல் வைத்துப் பதிய வேண்டும்.

சோதனை: இந்த வரிசையில் செய்யுங்கள்

முதலில் தரை. கெட்டியான சமதரை வேண்டும். பலகை மேல் வைத்த தராசு வேண்டாம். ரசமட்டத்தை இரண்டு திசையிலும் வைத்துப் பாருங்கள். தராசு 1 பாகை சாய்ந்தால் 100 கிலோவுக்கு ஏறத்தாழ 15 கிராம் குறையும், 3 பாகைக்கு 140 கிராம் அளவுக்குப் போகும். தலைக்கு மேல் சுழலும் ஃபேனை நிறுத்துங்கள். அகலமான மேடையைக் காற்று அழுத்துவது டிஸ்பிளேயில் நன்றாகவே தெரியும்.

அடுத்து மேடையின் விளிம்பைச் சுற்றி ஒரு தடித்த காகிதத்தை ஓட்டிப் பாருங்கள். எங்கும் தடுக்கக் கூடாது. நான் பார்த்த தராசுப் பழுதுகளில் கணிசமானவை பழுதே இல்லை. இடுக்கில் ஒரு புளியங்கொட்டை, சணல் கயிற்றுத் துண்டு, ஒருமுறை ஒரு எலிக்கூடு. நெம்புகோல் தராசானால் மேடையைக் கையால் லேசாகத் தள்ளிவிடுங்கள். கொஞ்சம் ஆடி, தன் இடத்துக்குத் திரும்பி வர வேண்டும். வராவிட்டால் உள்ளே எங்கோ உரசுகிறது.

எலக்ட்ரானிக் தராசை ஆன் செய்து கால் மணி நேரம் சும்மா விடுங்கள். பிறகு பாதிச் சுமையை இரண்டு மூன்று முறை ஏற்றி இறக்குங்கள். பூஜ்யத்துக்குத் திரும்புகிறதா? திரும்பாத தராசில் மேற்கொண்டு எதைச் சோதித்தும் பயனில்லை.

இப்போது மூலைகள். அதிகபட்ச எடையில் மூன்றில் ஒரு பங்கை எடுங்கள். 300 கிலோ தராசுக்கு 100 கிலோ. மேடையை மனதால் நான்கு கட்டமாகப் பிரித்து ஒவ்வொரு கட்டத்திலும் வைத்து எழுதிக்கொள்ளுங்கள். நான்குக்கு மேல் தாங்கும் இடங்கள் இருந்தால், அந்த எண்ணிக்கையில் ஒன்றைக் கழித்து அதனால் அதிகபட்ச எடையை வகுத்து வைக்க வேண்டும். இந்தச் சோதனைக்கு முத்திரையிட்ட எடைக்கல் கூட அவசியமில்லை. சிந்தாத, ஈரம் குடிக்காத எந்தக் கனமும் போதும். பழைய எஞ்சின் பிளாக் ஒன்று இருந்தால் அருமை. அதன் உண்மை எடை உங்களுக்குத் தெரிய வேண்டியதில்லை. நான்கு இடத்திலும் ஒரே எண் வருகிறதா என்பதுதான் கேள்வி. கையில் பைசா செலவில்லாமல் ஒரு வியாபாரி தானே செய்யக்கூடிய சோதனை இது. ஆனால் யாரும் செய்வதில்லை.

அதன் பிறகுதான் எடைக்கல். எடைக்கல்லின் துல்லியத் தரங்களில் ஒன்றான எம்1 என்று குறித்த 20 கிலோ கல்லின் பிழை 1 கிராமுக்குள் இருக்கும். குறைந்த சுமையிலிருந்து படிப்படியாக ஏற்றி, அதே படிகளில் இறக்கவும் செய்யுங்கள். ஏறும்போது ஒரு எண்ணும் இறங்கும்போது வேறு எண்ணும் வந்தால் உராய்வோ செல்லின் சோர்வோ இருக்கிறது. கையில் 100 கிலோவுக்குத்தான் கல் இருக்கிறது, தராசு 300 கிலோ, என்ன செய்வது? 100 கிலோ கல்லை வைத்து எண்ணைக் குறியுங்கள். கல்லை எடுத்துவிட்டு அதே எண் வரும்வரை மணல் மூட்டை வையுங்கள். அதன்மேல் திரும்பக் கல்லை ஏற்றுங்கள், இப்போது 200. இப்படியே மேலே போகலாம்.

எவ்வளவு பிழை வரை சரி? வியாபாரத் தராசுகள் பெரும்பாலும் துல்லியத்தில் மூன்றாம் வகுப்பு. சர்வதேச அளவியல் பரிந்துரைப்படி, 300 கிலோ வரை 50 கிராம் 50 கிராமாகக் காட்டும் தராசில் 25 கிலோ வரை 25 கிராம், 100 கிலோ வரை 50 கிராம், அதற்கு மேல் 75 கிராம் என்பது புதிய தராசுக்கான எல்லை. பயன்பாட்டில் இருக்கும் தராசுக்கு இதில் இரண்டு மடங்கு. இன்னொன்றும் இதே விதியில் இருக்கிறது: காட்டும் மிகச்சிறிய அளவின் 20 மடங்குக்குக் கீழே நிறுக்கக் கூடாது. 50 கிராம் தராசில் 1 கிலோவுக்குக் குறைவாக எதையும் நிறுக்காதீர்கள் என்று அர்த்தம். அந்தத் தராசில் ஏலக்காய் நிறுப்பவரைப் பார்த்திருக்கிறேன். நல்ல மனிதர்தான்.

எண்கள் என்ன சொல்கின்றன

எழுதிய தாளை வைத்துக்கொண்டு உட்காருங்கள். ஒரே ஒரு மூலை மட்டும் வேறுபட்டால் அந்த மூலையின் கத்திமுனை, தாங்கி அல்லது செல். தாங்கியில் அழுக்கு இருந்தாலும் இப்படி வரும். திருகைத் தொடும் முன் துடைத்துப் பாருங்கள். ஒரு பக்கத்து இரண்டு மூலைகளும் சேர்ந்தாற்போல் கூடினால், நெம்புகோல் தராசில் குட்டை நெம்புகோலின் நுனி நீளமானதைத் தொடும் இடம் நகர்ந்திருக்கலாம். மேலே போட்ட கணக்கை நினைத்துப் பாருங்கள், 400 என்பது 401 ஆனால் அந்தப் பக்கம் முழுக்க மாறும். நான்கு மூலையும் ஒரே விகிதத்தில் கூடியோ குறைந்தோ இருந்தால் மூலைகள் மேல் குற்றமில்லை. மேலே தொங்கு கம்பி, அளவுத்தண்டு, அல்லது எலக்ட்ரானிக்கில் பதிவுசெய்த அளவு. எல்லா எடையிலும் ஒரே 150 கிராம் பிழை என்றால் பூஜ்யம் தவறு, அவ்வளவுதான்.

குறைந்த எடையில் சரி, கனமானால் மட்டும் குறைகிறது என்றால் மேடை வளைந்து அடியில் எதையோ தொடுகிறது. அந்தத் தொட்ட இடம் மீதிச் சுமையைத் தரைக்குக் கொடுத்துவிடும். லோடு செல் தராசில் அதிகச் சுமையைத் தடுக்க வைத்த ஆணி உயரம் கூடியிருந்தாலும் இதே அறிகுறிதான்.

இடம் மாற்றிய தராசு தனிக் கதை. குண்டு வைத்துச் சமன் செய்யும் நெம்புகோல் தராசு எந்த ஊரிலும் ஒன்றுதான் காட்டும். பூமியின் இழுப்பு குறைந்தால் இரண்டு பக்கமும் குறையும். லோடு செல்லோ இழுப்பை மட்டும்தான் அறியும். சென்னையில் அளவு பதிந்து ஊட்டிக்குக் கொண்டுபோனால் 100 கிலோவுக்குச் சில பத்து கிராம் குறைவாகக் காட்டும். நிறுக்கும் ஊரிலேயே அளவு பதிய வேண்டும்.

முத்திரை

மேலே சொன்னதில் துடைப்பதும் சோதிப்பதும் யாரும் செய்யலாம். முத்திரையை உடைத்துத் திருகைத் தொடுவது அப்படியல்ல. சட்டமுறை எடையளவுச் சட்டம், 2009 படி பழுதுபார்ப்பவருக்கு உரிமம் வேண்டும்; பழுதுபார்த்த தராசு மறுபடி சோதிக்கப்பட்டு முத்திரை பெற்ற பிறகுதான் வியாபாரத்துக்கு வரலாம். மேடைத் தராசுக்கு எப்படியும் 12 மாதத்துக்கு ஒருமுறை மறுமுத்திரை உண்டு. தமிழ்நாட்டில் இதைத் தொழிலாளர் துறை கவனிக்கிறது. தொழிலாகக் கற்றுக்கொள்ள விரும்பினால், உரிமம் உள்ள ஒருவரிடம் கையாளாகச் சேருங்கள்.

முத்திரை போட்டு வண்டியில் திரும்பி வந்த தராசை அப்படியே வேலைக்கு விட்டுவிடாதீர்கள். வழியில் குலுங்கியிருக்கும். இறக்கி வைத்து ரசமட்டம் பாருங்கள், நான்கு மூலையிலும் அதே எஞ்சின் பிளாக்கை வைத்துப் பாருங்கள். பழைய எண்களோடு ஒப்பிட ஒரு சின்ன நோட்டு போதும். தேதி, நான்கு எண்கள். நான் அதைத் தராசின் தூணிலேயே கயிறு கட்டித் தொங்கவிடுவேன். மேடையின் மேல் வைத்தால் அதையும் சேர்த்து நிறுத்துவிடுவார்கள்.